கோலத்துக்குக் கீழே சிவப்பு

மாமனார் மலேயாவிலிருந்து கிளட்ச் இல்லாமல் தானே கியர் மாறும் கார் ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்தார். அதைப் பார்க்கத் திருமயம் ஊரே வந்தது. வந்தவர்களுக்குக் காப்பி போட்டே கை ஓய்ந்தது, அது கிடக்கட்டும்.

வண்டி நிற்கும் வாசலில் தினமும் காலையில் சிவப்பாக நாலு சொட்டு கிடக்கும். நான் புது மருமகள். நாத்தனார் நிறைமாதமாக இருக்கும் வீட்டில், ரத்தம் போன்ற கறையைப் பார்த்தால் மாமியார் பதறுவாரே என்று சாணி தெளித்து, மேலே கோலமும் போட்டுவிடுவேன்.

நாத்தனாருக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் இஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. டிரைவர் காதர் அண்ணன் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார்.

"செவப்பா இருக்குமே, அந்தக் கியர் ஆயில் ஒழுகிப் போயிருக்கு. வாசல்ல ஒரு சொட்டுக்கூட நான் பாக்கலையே."

அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். வலியிலும் நாத்தனார் சிரித்தாள். "காதரண்ணே, அதெல்லாம் மதினி கோலத்துக்குக் கீழ பத்திரமா இருக்கு."

பின்னால் வந்த மாட்டுவண்டியில் போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை, சுகப்பிரசவம். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

காதர் அண்ணன் ஒழுகலை அடைத்து, கருகின ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றினார். "வண்டி ஓடிச் சூடானதும், இஞ்சினை நிறுத்தாம கம்பியை உருவித் தொடச்சு, திரும்ப உள்ள விட்டு எடுத்துப் பாக்கணும். செவப்பா இருந்தாச் சரி. கருத்து, தீஞ்ச வாடை வந்தா மாத்தணும். ஒழுகுனா நீங்கதான் சொல்லணும், ஆத்தா."

அன்று முதல், "வாசல்ல செவப்பு உண்டா, ஆத்தா?" என்று கேட்காமல் அவர் சாவியைத் தொட்டதில்லை. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத என்னிடம் ஒன்றைக் கேட்டு, பதிலுக்குக் காத்து நின்ற முதல் ஆள் அவர். "இல்லண்ணே, போய்ட்டு வாங்க" என்று சொல்லத்தான் தினமும் சீக்கிரம் எழுந்தேன்.