ரிவர்ஸ் போடு, நான் பாக்குறேன்

ரிவர்ஸ் லைட் வேலையில ஒரு தீராத கஷ்டம் உண்டு: கியர் போடுறவருக்கு லைட் தெரியாது, லைட்டைப் பாக்குறவருக்கு கியர் எட்டாது. பின்னாடி குனிஞ்சு நின்னுகினு நான் "போட்டாச்சா?"ன்னு கத்துவேன், உள்ள இருக்கறவர் "எரியுதா?"ன்னு கத்துவார். வண்டி ரிப்பேருக்குன்னு ஒரு நாளாவது கால்கடுக்க நின்ன உங்களுக்கு இந்தக் கச்சேரி தெரியாததில்ல.

கேட் சட்டம்

என் வண்டி எலக்ட்ரிக் கடை ஒரகடத்துல. சுத்தி இருக்கற கம்பெனிங்கள்ல முக்கால்வாசிக்கு ஒரே சட்டம்: உள்ள வர்ற வண்டி ரிவர்ஸ் எடுத்துத்தான் நிக்கணும். அதனால கேட்லயே டிக்கியைத் திறந்து சோதனை போட்டு, மூடிட்டு, ரிவர்ஸ் லைட்டையும் பாத்துடுவாங்க. எரியலைன்னா வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அப்படித் திரும்பி வந்தவ ஸ்டெல்லா. மணிமங்கலத்துப் பொண்ணு. ஆறு வருஷம் ஒரு கம்பெனி லைன்ல நின்னுகினே வேலை பாத்து, கால் வீங்கிப் போய், அப்புறம் டிரைவிங் கத்துகினு கேப் ஓட்ட வந்தவ. ஷிப்டுக்குப் பொண்ணுங்களை ஏத்திகினு போறது அவ ரூட்டு. நான் டிக்கியைத் திறந்து, பல்பு ஹோல்டரைச் சுரண்டி, புது பல்பு மாட்டி ரிவர்ஸ் போடச் சொன்னேன். பளிச்சுன்னு எரிஞ்சுது. கிளம்புன்னேன். அவ நகரல.

"மூணு தடவை திருப்பி அனுப்பினா ரூட்டை வேற வண்டிக்குக் குடுத்துடுவாங்கண்ணா. இது மொத தடவை. நல்லாப் பாத்துட்டீங்கல்ல?"

ஏன், ஏன், ஏன்

அதே வாரம் ஒரு குவாலிட்டி இன்ஜினியர், தன் கார் ரிவர்ஸ் லைட் எரியலன்னு வந்தார். தொழிற்சாலையில எது கெட்டாலும் "ஏன்"னு அஞ்சு தடவை கேட்டு எழுதுற ஆளு. என் கடையிலயும் பேப்பரும் பேனாவுமா ஸ்டூல் போட்டு உக்காந்துட்டார். லைட் ஏன் எரியல? ஃபியூஸ் போச்சு. ஃபியூஸ் ஏன் போச்சு? வயர் ஷார்ட் ஆச்சு. ஏன் ஷார்ட் ஆச்சு? மேல்தோலை உரிச்சு அப்படியே வுட்டுருக்கு. ஏன் உரிச்சாங்க? ரிவர்ஸ் கேமராவுக்கு லைன் எடுத்திருக்காங்க. யாரோ வேலை தெரியாதவங்க பண்ணதுன்னு நான் வாயைத் திறந்தேன். போன ஞாயித்துக்கிழமை வூட்ல தானே கேமரா மாட்டினது அப்போதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கு. பேனா மூடியைப் போட்டார்.

"அஞ்சாவது ஏன் வேணாங்க, நாலோட நிறுத்திக்கலாம்."

சந்தனம்

வல்லக்கோட்டை முருகன் கோயில்ல பூஜை போட்ட புது வண்டி ஒண்ணு நேரா என் கடைக்கு வந்துச்சு. ரிவர்ஸ் லைட் மங்கலா எரியுதாம். பின்னாடி போய்ப் பாத்தா லைட்டு முழுக்க கெட்டியா சந்தனம், நடுவுல குங்குமம். துணியை நனைச்சு ஒரே துடை. வெளிச்சம் வந்துடுச்சு. நான் பெருமையா நிமிர்ந்து பாத்தா ஓனர் முகம் வாடிப் போச்சு.

"சாமி கிட்ட வச்சதுங்க அது. அதை வுட்டுட்டு லைட்டை மட்டும் சரி பண்ண முடியாதா?"

ரெண்டாவது தடவை

ஸ்டெல்லா மறுபடி வந்து நின்னா. கேட்ல லைட் எரியல, ரெண்டாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்க. டிக்கியைத் திறந்து வச்சுகினு ஃபியூஸ், கியர்பாக்ஸ்ல இருக்கற ஸ்விட்ச், எர்த்து எல்லாம் பாத்தேன். எப்போ ரிவர்ஸ் போட்டாலும் நல்லாத்தான் எரியுது. என் கோவமெல்லாம் கேட்ல நிக்கிறவங்க மேல திரும்பிச்சு. லைட்டுல ஒண்ணுமில்ல, அந்த செக்யூரிட்டி கண்ணைத்தான் செக் பண்ணணும்னு சொன்னேன். அவ திறந்து கிடந்த டிக்கியைக் கை நீட்டிக் காட்டினா.

"அவுங்க டிக்கிய மூடிட்டுத்தான் லைட்டைப் பாக்குறாங்கண்ணா. நீங்கதான் எப்பவும் தொறந்து வச்சுகினே பாக்குறீங்க."

மூணாவது தடவை

மூடினேன். ரிவர்ஸ் போட்டா. இருட்டு. திறந்தேன், எரிஞ்சுது. லைட்டு இருக்கறது டிக்கி மூடியில; அதோட கீல் பக்கத்துல ரப்பர் குழாய்க்குள்ள வயர் அறுந்து கிடந்துச்சு. திறந்தா ரெண்டு முனையும் ஒட்டும், மூடினா விலகும். அவ வண்டி வந்த நாள்லேருந்து நான் ஒரு தடவை கூட மூடிட்டுப் பாக்கல. வெக்கமாப் போச்சு. அறுந்ததை வெட்டிட்டு, கொஞ்சம் தளர்வா புது வயர் வச்சு சால்டர் பண்ணி, டிக்கியை இருபது தடவை திறந்து மூடிப் பாத்துதான் அனுப்பினேன்.

ரெண்டு மணி ஷிப்டு. எனக்குச் சாப்பாடு எறங்கல. போனைப் பக்கத்துலயே வச்சுகினு உக்காந்திருந்தேன். ரெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கச்சே அடிச்சா.

"உள்ள வந்துட்டேன்ணா. செக்யூரிட்டி மூணு தடவை மூடி மூடிப் பாத்தாரு. நீங்க மொத நாளே ஒரே ஒரு தடவை மூடிப் பாத்திருந்தா போதும்."

இருபது வருஷமா வண்டிங்களோட பின்பக்கத்தையே பாத்துகினு இருக்கறவன் நான், அதை மூடிட்டும் பாக்கணும்னு ஒரு கேப் டிரைவர் சொல்லித்தான் தெரிஞ்சுகினேன்.