கேட்டிலிருந்து கொழும்புக்கு

நான் பொருத்துகிற கேட் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். வெளியே நிற்பவர் பொத்தானை அமுக்கினால் அது வீட்டுக்காரரின் போனுக்கு அழைக்கும். எடுத்துப் பேசலாம். வீட்டுக்காரர் அந்த எண்ணுக்குத் திருப்பி அழைத்தால் கேட் தானாகத் திறக்கும். கண்டியைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் பொருத்தியிருக்கிறேன். ஒன்றிலும் முறைப்பாடு வந்ததில்லை என்று கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அதை இறக்கி வைத்தவர், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் தனியாக இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா.

தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டிலிருந்து வீட்டுக்கு முப்பது படி, அவருக்கோ முழங்கால் வலி. கொழும்பிலிருக்கும் மகன் ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார். என் பெட்டி சரிவந்தால் அம்மா இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மகனுடைய மாடி வீட்டுக்குப் போய்விட வேண்டும். போக அவருக்குத் துளியும் மனமில்லை.

முதல் எண்ணாக அம்மாவுடையதைப் போட்டேன். அவர் எடுக்காவிட்டால் மகனுக்குப் போகும்படி அமைத்தேன்.

மூன்றாம் நாளே மகன் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினார். அலுவலகக் கூட்டத்தின் நடுவே மடவளை மீன்காரர் பேசி, பாரை மீன் நல்லாயிருக்கிறது, வெட்டட்டுமா என்று கேட்டாராம். ரொட்டி விற்கும் பாண்காரர், தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் என்று எல்லோரும் அவரிடம்தான் பேசுகிறார்களாம். போதாக்குறைக்கு கேட் தன்பாட்டில் திறந்து, தெருநாய்கள் உள்ளே வந்து படுத்திருக்கின்றன.

அடுத்த பஸ்ஸில் போனேன். பெட்டியைக் கழற்றினேன், வயரைச் சோதித்தேன், சிம்மை மாற்றினேன். ஒரு கோளாறும் இல்லை. அலுத்துப்போய் அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்தேன். கீழே மீன்காரர் பொத்தானை அமுக்கினார். அம்மாவின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தார், நிதானமாகக் கட் பண்ணினார், பிறகு லைன் கிடைக்கும்வரை திருப்பித் திருப்பி அழைத்தார். அதற்குள் அழைப்பு கொழும்புக்குத் தாவி, மகன் மீன் விலை பேசி முடித்திருந்தார். லைன் கிடைத்ததும் கேட் ஆவென்று திறந்தது.

ஏன் கட் பண்ணினீர்கள் என்று கேட்டேன்.

"கோல் பண்ணுற ஆக்களின்ர காசு கரையக்கூடாதெல்லே, தம்பி. அதான் கட் பண்ணிப்போட்டு நான் திருப்பி எடுக்கிறனான்."

நாவலப்பிட்டியில் எங்கள் வீட்டிலும் இதேதான் மரியாதை. பெட்டியைச் செய்த வெளிநாட்டுக்காரனுக்கு அது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. பெட்டிக்குள் இருப்பதும் உங்கள் சிம்தான், எப்படிப் பார்த்தாலும் உங்கள் காசுதான் கரைகிறது என்று சொன்னதும், அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மகனுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன். இனித் தொல்லை இருக்காது, உங்கள் எண்ணை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், இருக்கட்டும். அம்மாவைக் கேட்டா நல்லா இருக்கிறன் எண்டு மட்டும்தான் சொல்லுவா. என்ன சாப்பிடுறா எண்டு மீன்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவ அங்கயே இருக்கட்டும்."

மகன் சொன்ன எல்லாவற்றையும் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் முற்றத்து மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பாண்காரர் வந்து கீழே பொத்தானை அமுக்கினார். அம்மா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அழைப்பு கொழும்புக்குப் போகட்டும் என்று கட் பண்ணினார்.