டீச்சர் கொடுத்த நீல ஸ்டூல்

வியட்நாமில் டாக்டருக்குப் படித்துவிட்டு நான் ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பெட்டியில் சான்றிதழை விடப் பத்திரமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. நீல நிறம், முழங்கால் உயரம்கூட இல்லை. அங்கே தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளில் எல்லோரும் உட்காருவது. இங்கே அதைப் பார்த்த அப்பா, குளியலறை ஸ்டூல் திருச்செங்கோட்டிலேயே கிடைக்குமே, அதற்கு எதற்கு விமானம் என்று கேட்டார்.

அது என் டீச்சர் கொடுத்தது. நோயாளியைப் பரிசோதிக்கக் கற்றுக்கொடுத்த பேராசிரியை. என் தோள் உயரம்தான் இருப்பார். ஆனால் அவர் வார்டுக்குள் நுழைந்தால் நாங்கள் மூச்சைக்கூட மெதுவாக விடுவோம். அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. டாக்டரின் தலை நோயாளியின் தலைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அதனால் மாணவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, பந்திக்கு இடம் பிடிக்கப் போகிறவர்களைப் போல வார்டு வார்டாக அலைந்தோம். நின்றுகொண்டு பேசினால் முழங்காலுக்குப் பின்னால் ஒரு தட்டு விழும். ஏன் இப்படி என்று ஒருநாள் நான் கேட்டேன். நூறு பேரைப் பார்த்துவிட்டு நீயே வந்து சொல் என்றார். படிப்பை முடித்த அன்று எல்லோருக்கும் ஒரு ஸ்டூலைக் கொடுத்து அனுப்பினார்.

இங்கே எழுத வேண்டிய தேர்வுகளை எல்லாம் எழுதி முடித்து, சங்ககிரி சாலையில் கிளினிக் வைத்தேன். அப்பா லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர். மகளுக்கென்று தன் கையாலேயே ஒரு நாற்காலி செய்தார். அசல் லாரி டிரைவர் சீட். முன்னும் பின்னும் நகர்த்த நெம்புகோல், சிவப்பு ரெக்சின், ஓரமெல்லாம் குஞ்சம். ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் படாது. முதுகில் மஞ்சள் பெயிண்டில் 'உபயம்: டாக்டரின் அப்பா' என்று பூப்போட்டு எழுதியிருந்தார்.

நான் அதை நோயாளிகளுக்கென்று போட்டுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்பா இரண்டு நாள் பட்டறையிலேயே சாப்பிட்டார்.

ஆனால் எங்கள் ஊரில் டாக்டர் கீழே உட்கார்ந்திருக்க, தான் மேலே உட்காரும் ஆள் பிறக்கவே இல்லை. முதலில் வந்தவர் இடுப்பு வலிக்காரர். "சாமி, நீங்க கீழ உக்காந்திருக்கையில நாங்க அதுமேல ஏறுனா நல்லாருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டம் சட்டம்தானே, நானும் ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தரைக்கு இறங்கினேன். அவர் பதறிப்போய் இன்னும் கொஞ்சம் குனிந்தார். நானும் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த நர்ஸ் அக்கா, ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் மேசைக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் இடுப்பு வலிக்காரரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இதை வீடியோ காலில் டீச்சரிடம் சொன்னேன். அவர்கள் தரையில் உட்கார்ந்தால் நீயும் உட்கார் என்றார். அப்புறம் அவர்கள் படுத்துவிடுவார்கள் டீச்சர் என்றேன். இருமல் வரும் வரை சிரித்தார். தீபாவளிக்குப் பிறகு அவர் இறந்துபோன செய்தி வந்தது. அன்று கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அப்பா ஒரு வாரம் பொறுத்தார். பிறகு கெடு வைத்தார். பொங்கல் வரைக்கும் பார்ப்பாராம். அதற்குப் பிறகும் சனங்கள் தரையில்தான் உட்காருகிறார்கள் என்றால் ஸ்டூல் கோழிக் கூண்டுக்குப் போய்விடுமாம். டீச்சர் விட்டுப்போனதில் என் கையில் இருந்தது அது ஒன்றுதான். ஆனால் டீச்சர் சொன்ன நூறு பேரைத் தாண்டிப் பார்த்தாயிற்று. ஏன் கீழே உட்கார வேண்டும் என்பது எனக்கே தெரியவில்லை.

மார்கழியில் ஒரு லாரி டிரைவர் இருமலுக்கு மருந்து வாங்க வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தவர் சீட்டைப் பார்த்தார். டாக்டர் என்றோ மரியாதை என்றோ எதுவும் அவருக்குத் தோன்றவில்லை. பழக்க தோஷம், ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்து, நெம்புகோலை இழுத்து சீட்டைச் சரிசெய்து, பக்கக் கண்ணாடியைத் திருப்பக் கையைக்கூட நீட்டிவிட்டார். கிளினிக் திறந்து அந்த சீட்டில் உட்கார்ந்த முதல் நோயாளி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர் கால்மேல் கால் போட்டதும் வெறுங்கால் என் முகத்துக்கு நேரே வந்தது. உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளே ஏறியிருந்த ஓர் இரும்பு ஆணியின் தலை. சுற்றிலும் தோல் வெளுத்துச் சீழ் வைத்திருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "எதுங்க?" என்றார். கால் மரத்துப்போயிருந்தது. சர்க்கரை பார்க்கும் மிஷின் எண் எதுவும் காட்டாமல், அளவுக்கு மேலே போய்விட்டது என்று கையை விரித்தது. மதியம் நாக்பூருக்கு லோடு எடுக்க இருந்தவர் அவர்.

நான் கண்ணாடியை வைத்துக் காலைக் காட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. "டயர்ல ஆணி ஏறுனா ரெண்டு மைலுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிருமுங்க. இது தெரியலையே, அம்மிணி."

அன்றே சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சுண்டுவிரல் போனது, கால் தப்பியது. அவர் ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்று தகவல் வந்ததும் போனை எடுத்து, டீச்சர், பதில் கிடைத்துவிட்டது என்று தட்டினேன். அனுப்பப் போகும்போதுதான் அதைப் படிக்க அங்கே யாரும் இல்லை என்பது உறைத்தது. போனை வைத்துவிட்டேன்.

அந்த டிரைவர் அப்பாவின் பட்டறைக்கு வருகிறவர்தான். என்ன சொன்னாரோ, மறுவாரம் அப்பா கிளினிக்குக்கு வந்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். பொங்கலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்று வந்த அத்தனை பேரையும் நின்றுகொண்டே பார்த்தேன். முழங்காலுக்குப் பின்னால் குறுகுறுவென்றே இருந்தது.

மறுநாள் காலை ஸ்டூல் தன் இடத்தில் இருந்தது. நான் கவனிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் எனக்குப் பின்னால் எதையோ பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் அக்கா கண்ணாடி முன்னால் என்னைத் திருப்பி நிறுத்தினார். வெள்ளைக் கோட்டின் பின்பக்கம், சரியாக உட்காரும் இடத்தில், மஞ்சள் பெயிண்ட் பூவோடு அப்படியே ஒட்டியிருந்தது. கோட்டில் இடவலம் மாறிப் பதிந்த எழுத்தைக் கண்ணாடியில் நேராகப் படிக்க முடிந்தது.

'உபயம்: டாக்டரின் டீச்சர்.'

பெயிண்ட் காய்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன் என்று அப்பா திட்டினார். ஸ்டூலில் மறுபடி எழுதிக் கொடுத்தார். அந்தக் கோட்டை நான் இன்னும் துவைக்கவில்லை.