நாத்தனார் முடிச்சு

பம்பாய்த் தாராவியில் அந்தச் சந்துக்குள் கல்யாண நாள் என்று ஒன்றை முதன்முதலாகக் கொண்டாடியவள் பேராச்சிதான். அறுபத்தாறாம் வருஷம். அதுவரை அங்கே கல்யாணம் தெரியும், காதுகுத்து தெரியும்; கல்யாணம் ஆன நாளை வருஷா வருஷம் ஞாபகம் வைத்துப் பாயசம் காய்ச்சுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பேராச்சி மட்டும் அதை மாட்டுங்காவில் பார்த்திருந்தாள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் அவள் பாத்திரம் தேய்க்கப் போகும் வீட்டில் பாகீரதி அம்மாள் வருஷத்துக்கு ஒரு நாள் பட்டுப்புடவையோடு வளைய வருவாள்.

"எங்களுக்கு இன்னிக்கு வெட்டிங் டே, பேராச்சி. ஒரு டம்ளர் பாயசம் எடுத்து வெச்சிருக்கேன், குடிச்சுட்டுப் போ" என்பாள்.

அதைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பேராச்சியும் கொண்டாடினாள் என்று நினைத்துவிடக் கூடாது. பழி தீர்ப்பதற்காகக் கொண்டாடினாள். அதை அவள் ஒளிக்கவும் இல்லை; குழாயடியில் நின்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே எல்லாரிடமும் சொன்னாள்.

பழி, நாத்தனார் செண்பகவல்லி மேல். பேராச்சியின் புருஷன் நயினாருக்குக் கூடப்பிறந்த அக்காள் அவள். குடும்பத்தோடு கோவண்டியில் இருந்தாள். தன் மகள் சுயம்புக்கனியைத் தம்பிக்கே கட்டிவைக்க வேண்டும் என்று வெகுநாளாய் எண்ணியிருந்தாள். தம்பியோ பட்டறை வேலைக்குப் போகிற வழியில் பேராச்சியைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டான். சுயம்புக்கனிக்கு அப்போது பாவாடை சட்டை வயசு. அதையெல்லாம் செண்பகவல்லி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் ஊர்ப்பக்கத்து வழக்கப்படி தாலி கட்டும்போது மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சுதான். மற்ற இரண்டையும் அவனுடைய அக்காளோ தங்கச்சியோ பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். அது நாத்தனார் முடிச்சு. வீட்டுக்கு வருகிறவளை வீட்டுக்காரி ஏற்றுக்கொண்டாள் என்பதற்கு அடையாளம். பேராச்சியின் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டுகிறது, நயினார் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான், செண்பகவல்லி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"எம் மக கழுத்துக்குன்னு வச்சிருந்த கை இது. கண்டவ கழுத்துக்கெல்லாம் முடிச்சுப் போடாது" என்றாள், பந்தலுக்கே கேட்கும்படி.

நயினார் அசட்டுச் சிரிப்பொன்று சிரித்து மூன்று முடிச்சையும் தானே போட்டான். குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த பேராச்சிக்குக் காது இரண்டும் கொதித்தன. அப்புறம் குழந்தை தங்காமல் போன ஐந்து வருஷமும் செண்பகவல்லி வாயை மூடவில்லை. நாத்தனார் முடிச்சு விழாத கழுத்துக்காரிக்கு வயிறு எப்படித் திறக்கும் என்று போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தாள். கடைசியில் ஆறுமுகத்தாய் பிறந்தாள். பிள்ளையைப் பார்க்கக்கூட அத்தைக்காரி வரவில்லை.

பிள்ளைக்கு இரண்டு வயது நடக்கும்போது ஒருநாள் வந்து நின்றாள். சுயம்புக்கனிக்கு உல்லாஸ்நகரில் ஜவுளிக்கடை வேலைக்காரப் பையன் ஒருவன் அமைந்திருந்தான். சம்பந்தக்காரர்கள் முதலில் கேட்ட கேள்வியே, தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவார்கள் என்பதுதான். மாமன் வராத கல்யாணத்தில் பெண்ணுக்கு என்ன மதிப்பு? அதனால் வெற்றிலை பாக்குத் தட்டோடு தம்பி வீட்டு வாசலுக்கு வந்திருந்தாள்.

"ஏளா பேராச்சி, பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிடாத. நீயும் தம்பியும் முன்ன நின்னு நடத்தணும்" என்றாள்.

"நடத்துவோம் மைனி. தாய்மாமன் இல்லாம என்ன கல்யாணம்?" என்றாள் பேராச்சி. குரலில் அவ்வளவு சர்க்கரை. "வார ஞாயித்துக்கிழமை எங்க கல்யாண நாளு. புதுத் தாலிக்கயிறு மாத்துதேன். நீங்க வந்து அந்த ரெண்டு முடிச்சையும் போட்டுருங்க. மறுநாளே சீருக்குத் தட்டு வாங்கப் போவோம்."

செண்பகவல்லிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் மகளைப் பெற்றவள். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

"கல்யாண நாளா? நமக்கா?" என்று நயினார் வாயைப் பிளந்தான்.

"ஆமா. ஒமக்கும் எனக்கும்தான் ஆச்சு, மறந்துட்டீரா?"

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒற்றை அறைக்குள்ளும் வாசலிலுமாகச் சந்துப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்தன்று பந்தலில் இருந்தவர்கள் ஒருத்தி விடாமல் வரவேண்டும் என்று வீடு வீடாகப் போய் அழைத்திருந்தாள் பேராச்சி. சேமியாப் பாயசம் அண்டாவில் தளதளத்தது. மாட்டுங்கா வழக்கப்படி பேக்கரியிலிருந்து கேக்கும் வந்திருந்தது. அதை வெட்டுவதா படைப்பதா என்று யாரும் முடிவு செய்வதற்குள் ஆறுமுகத்தாய் ஐந்து விரலையும் அதற்குள் விட்டுவிட்டாள். சிரிப்பாணி அடங்க நேரமாயிற்று.

பேராச்சி பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். புதுக்கயிறு கழுத்தில் ஏறி முடிச்சு விழுந்த பிறகுதான் பழையதை அவிழ்க்க வேண்டும். மஞ்சள் தடவிய கயிற்றை நயினார் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போட்டான். "வாங்க மைனி" என்றாள் பேராச்சி.

செண்பகவல்லி எழுந்து வந்து பின்னால் நின்றாள். அவள் விரல்கள் பிடரியில் பட்டுக் கயிற்றின் நுனியைத் தேடின. அந்தக் கை வந்து தொடுவதற்காகத்தான் பேராச்சி இத்தனை வருஷம் காத்திருந்தாள். உள்ளே என்னவோ குளுகுளுவென்று இறங்கியது.

ஆனால் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவள் இரண்டு முடிச்சையும் போட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்? நாளைக்கே கோவண்டி பூராவும் சொல்லுவாள்: என் கை பட்ட பிறகுதான் அவள் பொழைப்பு முழுசாயிற்று, என் காலைப் பிடித்துத்தான் முடிச்சு வாங்கினாள் என்று. அவள் குனிந்து வந்த கதை மறைந்து, பெரிய மனசு பண்ணிக் கொடுத்த கதை ஆகிவிடும். சேச்சே, இதற்கா பாயசம் காய்ச்சினோம்!

பேராச்சி பிடரியை உதறிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி எழுந்து நின்றாள்.

"கைய எடுங்க மைனி."

செண்பகவல்லிக்குப் புரியவில்லை. "இன்னும் முடிச்சுப் போடலியே" என்றாள்.

"போடாண்டாம். கைய நீட்டிக்கிட்டு வந்தீகள்லா, எல்லாரும் பாத்துட்டாக. எனக்கு அது போதும்." பிள்ளையைச் சற்று உயர்த்திக் காட்டினாள். "ஒங்க முடிச்சு இல்லாமத்தான் இவ பொறந்தா. இனிமே அது எனக்கு என்னத்துக்கு?" நயினார் பக்கம் திரும்பினாள். "இந்தாரும், மிச்சத்தையும் நீரே போடும்."

நயினார் போட்டான். வேறு என்ன செய்வான்?

செண்பகவல்லியின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப... சீரு?"

"வரும். நான் சொன்ன சொல்லு மாறமாட்டேன்" என்றாள் பேராச்சி. "சுயம்புக்கனி மேல எனக்கு என்ன கோவம்? தட்டுத் தட்டா, மேளத்தோட கோவண்டிக்கு வாரேன். உல்லாஸ்நகர்க்காரங்க கேப்பாக, இவ்வளவும் யாரு கொண்டாந்ததுன்னு. ஒங்க வாயாலயே எம்பேரச் சொல்லுங்க."

செண்பகவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். ஆறுமுகத்தாய்க்கு இதெல்லாம் என்ன தெரியும்? இடுப்பிலிருந்து எட்டி, கேக் அப்பிய கையை அத்தையின் நல்ல சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செண்பகவல்லி அதைத் தட்டிவிடக்கூட இல்லை. சந்து முனை திரும்பும்வரை அந்த வெள்ளைக் கறை அவள் முந்தானையில் தெரிந்தது.

பேராச்சி இரண்டு டம்ளர் பாயசம் குடித்தாள். பெண்களெல்லாம் வாயைத் துடைத்துக்கொண்டு, போகும்போது அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளை பாயில் சுருண்டு தூங்கிவிட்டது. இப்படி நிம்மதியாக மூச்சு விட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபடி அவள் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த நயினார் தொண்டையைச் செருமினான்.

"இருந்தாலும் பாவம்ட்டி அக்கா. அத்தனை பேருக்கு முன்னால வச்சு..."

கரண்டி நின்றுவிட்டது. அந்தப் 'பாவம்' என்ற சொல் அவன் வாயிலிருந்து இந்த ஏழு வருஷத்தில் பேராச்சிக்காக ஒரு தடவைகூட வந்ததில்லை. பந்தலில் வரவில்லை. மலடி என்று குழாயடியில் காதுபடப் பேசிய நாட்களில் வரவில்லை. அப்படிப்பட்ட நாட்களிலும் சம்பளம் வாங்கிய கையோடு அக்காள் வீட்டுக்குப் போய் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே வருவான். நாத்தனார் மேலிருந்த கோபம் வடிந்த இடத்தில், அதற்கு அடியில் கிடந்தது யார் மேல் என்று பேராச்சிக்கு அப்போதுதான் தெரிந்தது. திடுக்கென்று இருந்தது. ஆனால் பொய் இல்லை.

அண்டாவில் மிச்சமிருந்த பாயசத்தை வழித்து டம்ளர் நிறைய ஊற்றி அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"குடியும்" என்றாள். "ஒம்ம அக்காளுக்கு இன்னையோட முடிஞ்சுது. ஒமக்கு நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."