கதவுக்குப் பின்னால் நின்ற துடைப்பம்

ஆகஸ்ட் மாதத்தில் சாந்தா ருஃபினாவில் யாரும் காலையில் முழுதாக விழித்திருப்பதில்லை. வெயில் ஏறும் வரை மலைப் பனிமூட்டம் சதுக்கத்தை விட்டு நகராது. எதிரே வருகிறவரின் தொப்பி முதலில் தெரியும், ஆள் பிறகு வந்து சேருவார். திருவிழா வாரத்தில் மட்டும் அந்த மூட்டத்துக்குள்ளிருந்து நமக்குப் புரியாத பாஷைகளில் பாட்டுக் கேட்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்டக்காரர்களைத் தங்கவைக்க எங்கள் ஊரில் விடுதி கிடையாது, வீடுகள்தான் உண்டு. கோயில் படியில் நின்று பாதிரியார் யாருக்கு யார் என்று கூவுவார். கூவி முடிப்பதற்குள் பாதிப் பேரை ஊர்க்காரர்கள் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஒதிலியா பின்சோன் எப்போதும் முன்வரிசையில் நிற்பாள்.

ஒதிலியா அரேபா என்கிற சோள ரொட்டி சுட்டு விற்கிறவள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால், "கேட்டு வந்தவனுக்குப் பசி இல்ல, பசியோட வந்தவன் கேக்கல" என்பாள். பெற்றோர் போன பிறகு தம்பி எலாதியோவை வளர்த்ததும் அந்த வீட்டைக் காத்ததும் அவள்தான். பக்கத்துச் சந்தை ஊரைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் அவள் வீட்டின் பெரிய அறையில் கொரியாக்காரிகள் விசிறி மடித்திருக்கிறார்கள், கென்யாக்காரர்கள் முரசுக்குத் தோல் இறுக்கியிருக்கிறார்கள். மாவு பிசையும்போது அவர்களுடைய பாட்டு ஏதாவது ஒன்று எங்கிருந்தோ திரும்பி வரும். கை மாவில் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். அப்படி நிற்கும்போது எத்தனையோ அரேபா கருகியிருக்கிறது. நாங்களும் வாயை மூடிக்கொண்டு வாங்கித் தின்றிருக்கிறோம்.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் எலாதியோ கல்யாணம் செய்துகொண்டான். தலை நரைத்த லாரி டிரைவருக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. வந்தவள் நெல்சி. நல்ல பெண், ஆனால் எதையும் இருந்த இடத்தில் இருக்கவிடமாட்டாள். முதல் வாரமே கரண்டிகள் இடம் மாறின. அப்புறம் உப்பு ஜாடி, அப்புறம் நாற்காலி. ஒதிலியா எதையும் திருப்பி வைக்கவில்லை. வீடு தம்பி பேரில் இருந்தது. கரண்டிக்காகக் கை தப்பான இடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், இந்த வீட்டில் இனி நானும் ஒரு விருந்தாளிதானோ என்று அவளுக்குத் தோன்றும்.

இந்த முறை பெலாரஸிலிருந்து அலேஸ்யாவும் யத்விகாவும் வந்தார்கள். சிவப்பு நூல் வேலைப்பாடு செய்த வெள்ளைச் சட்டைகளைக் கொல்லைக் கொடியில் காயப் போட்டார்கள். காற்றில் அவை தாமாகவே ஆடின. எங்கள் பாஷையில் நன்றி, அழகு, போதும் என்ற மூன்று வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்றாவதை ஒதிலியா காதிலேயே வாங்கவில்லை. தட்டு காலியாகக் காலியாக நிரப்பினாள்.

காலையில் முகம் கழுவிக்கொண்டே இரண்டு பேரும் பாடுவார்கள். ஒருத்தி குரல் தரையில் நடக்கும், மற்றவளுடையது அதன்மேல் மெல்ல ஏறும். கொல்லையில் மண் அடுப்பின் முன்னால் நிற்கும் ஒதிலியாவுக்கு மூட்டமும் புகையும் ஒன்றாகும். பார்த்தேயிராத ஓர் ஆறு, அதன் கரையில் யாரோ மெல்ல நடந்து போவது, அந்த ஆள் தானேயாக இருப்பது என்று கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பாள்.

அப்படி ஒரு காலையில் காபிப் பாத்திரம் எடுக்கச் சமையலறைக்குள் போனவள் நின்றுவிட்டாள். கதவுக்குப் பின்னால் துடைப்பம் தலைகீழாக, பெருக்கும் முனை மேலேயும் கம்பு கீழேயுமாக நின்றது.

உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத விருந்தாளியை வாய்விட்டுப் போ என்று சொல்ல முடியாதபோது நாங்கள் செய்கிற வேலை அது. துடைப்பத்தைக் கவிழ்த்து வைத்தால் ஆள் தானாகக் கிளம்பிவிடும். ஒதிலியா அதை எடுத்து நேராக வைத்தாள். மறுநாள் காலையிலும் அது தலைகீழாகவே நின்றது. காபி குடிக்க வந்த பக்கத்து வீட்டுப் பிரிகிதா அதைப் பார்த்துவிட்டாள். "எனக்குன்னா நேரா சொல்லுங்கம்மா!" என்று கோப்பையைத் தொடாமலே போய்விட்டாள்.

பிரிகிதாவுக்கு இல்லை. பாடும் பெண்களுக்கும் இருக்காது. அவர்களைப் போகச்சொல்ல யாருக்கு மனசு வரும்? அப்படியென்றால் நெல்சி வைத்தது எனக்குத்தான் என்று ஒதிலியா முடிவு கட்டினாள். நெல்சியும் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை, நின்றபடியே சாப்பிட்டாள். குற்ற உணர்ச்சி என்று ஒதிலியா நினைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்த பழுப்புப் பெட்டியை இழுத்துத் துடைத்து, இரண்டு பாவாடையும் கம்பளிப் போர்வையும் அம்மாவின் ஜெபமாலையும் எடுத்து வைத்தாள். திருவிழா முடிந்ததும் சந்தை ஊரிலிருக்கும் அத்தை மகளிடம் போய்விடலாம். பிறந்த வீட்டிலிருந்து ஒரு துடைப்பம் விரட்டுகிறதே என்று நெஞ்சு எரிந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

கடைசி நாள் கடைசி ஆட்டத்தில் விருந்தாளிகள் தாங்கள் தங்கிய வீட்டாரை இழுத்து ஆடுவது வழக்கம். அலேஸ்யா ஒதிலியாவின் இடுப்பைப் பிடித்துச் சுழற்றினாள். சதுக்கம் சுற்றியது, கோபுரம் சுற்றியது, சாயங்கால வெயிலில் எல்லோர் முகமும் ஒரே நிறமாக உருகியது. இப்படியே சுற்றிக்கொண்டே இருந்தால் நாளை என்று ஒன்று வராது என்று அவளுக்குத் தோன்றியது. சுற்றில் ஒரு முகம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நெல்சி அழுதுகொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நெல்சிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அக்கா, நாளைக்கு நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். உங்க தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"ஏன்?"

"ஏனா? துடைப்பத்தைக் கேளுங்க, சொல்லும். நேத்து வந்தவதான், ஒத்துக்கிறேன். போடின்னு ஒரு வார்த்தை வாயால சொல்லியிருக்கலாம்ல?"

ஒதிலியா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அடிப்பாவி! நீ வெச்சேன்னுல்ல நான் பெட்டி கட்டி வெச்சிருக்கேன்!"

"எந்தப் பெட்டி?"

காட்டினாள். நெல்சி பெட்டியைத் திறந்து ஜெபமாலையைப் பார்த்தாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாக்கா?"

"நீ கேட்டியா?"

"அப்ப அவரா வெச்சாரு?"

"அவனா? துடைப்பம் எந்தப் பக்கம் பெருக்கும்னே அவனுக்குத் தெரியாது!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடியும் முன்னே சமையலறையில் பெருக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார்கள். யத்விகா தரையில் கிடந்த சிவப்பு நூல் துணுக்குகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுத் துடைப்பத்தைக் கவிழ்த்து, கதவுக்குப் பின்னால் பத்திரமாகச் சாய்த்து வைத்தாள்.

நெல்சி ஓடிப்போய் நேராக்கினாள். யத்விகா முகத்தைச் சுளித்து மறுபடியும் கவிழ்த்தாள். 'என்ன பெண்கள் நீங்கள்' என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு சுவரைத் தொட்டுக் காட்டினாள். ஒதிலியாவை, நெல்சியை, ஆணியில் தொங்கிய எலாதியோவின் தொப்பியை ஒவ்வொன்றாகக் காட்டி, கோழிக்குஞ்சுகளை அள்ளுவதுபோல இரண்டு கையாலும் எல்லாவற்றையும் அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டாள். கடைசியில் துடைப்பத்தை அன்பாகத் தட்டிக்கொடுத்தாள். அவள் ஊரில் வீட்டை விட்டு எதுவும் போகாமல் இருக்கத்தான் அப்படி நிறுத்துவார்களாம். அது புரிய எந்தப் பாஷையும் வேண்டியிருக்கவில்லை. நெல்சி ஒதிலியாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

மறுநாள் மூட்டத்துக்குள் பேருந்து ஹாரன் அடித்தது. ஊர் முழுக்கக் கொடுத்த வெல்லக் கட்டியும் பாலாடைக் கட்டியும் கம்பளியும் திணித்ததில் அலேஸ்யாவின் பை வாய் பிளந்துவிட்டது. அவள் கையைப் பிசைந்தாள். ஒதிலியா அறைக்குள் போய்ப் பழுப்புப் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டி, காலிப் பெட்டியோடு வந்தாள்.

"அக்கா, இருக்கிறது ஒரே பெட்டி," என்றாள் நெல்சி. "நாளைக்கு உங்களுக்கு வேண்டாமா?"

"நான் எங்கடி போகப்போறேன்?" என்றாள் ஒதிலியா. பெட்டியை அலேஸ்யாவின் கையில் கொடுத்தாள்.

பேருந்து கிளம்பியது. ஜன்னல் வழியாகப் பாட்டு வந்தது, பிறகு தூரத்தில் மட்டும் கேட்டது. கூரைமேல் கட்டியிருந்த பழுப்புப் பெட்டி கொஞ்ச நேரம் தெரிந்தது. ஒதிலியாவும் நெல்சியும் குளிர் தாங்காமல் ஒரே போர்வைக்குள் நின்று அதைப் பார்த்தார்கள். அடுப்பில் அரேபா கருகிக்கொண்டிருந்தது.