துடைத்தால் வராத வெள்ளை

என் அம்மா பொன்னம்மை போன மாதம் கன்னத்துப் புற்றுப் புண்ணால் இறந்தாள். கேரளத்துக் கரமனையில் எங்கள் வரிசை வீடுகளில் இருந்த எல்லாக் கோழிகளின் வாயையும் பார்த்தவள் அவள். கால்நடைத் துறையில் பயிற்சி பெற்று இன்ஸ்பெக்டராகி, சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டிய நான், ஒரே ஒரு வாயைப் பார்க்காமல் விட்டேன்.

அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சித்தாள் வேலைக்கு வந்தவள். பகலெல்லாம் சாந்துச் சட்டி. மிச்ச நேரத்துக்கு ஆறு கோழிகள், வெற்றிலை, புகையிலை.

கோழி வாயைப் பிளந்து மூச்சு விட்டால், அதன் நாக்கு நுனித் தோலை ஊசியால் உரிப்பது அவள் வைத்தியம். மூக்கடைத்த கோழி வாயால் மூச்சு விடும், அதனால் நாக்கு காயும், உரிப்பது வதை என்று விளக்கினேன். ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றிக் கொடுத்தேன். வெள்ளைப் படலம் துடைத்தால் எளிதில் வருகிறதா? பெரும்பாலும் பூஞ்சை; தண்ணீர்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவு. வராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அம்மையாக இருக்கலாம். பள்ளிக்கூடம் போகாதவள் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். எனக்கு ஒரு வருடம் ஆனது.

1978 மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு எலிசாள் கோழியோடு வந்தாள்.

“பொன்னம்மக்கா, இது தீனி எடுக்கல்ல. நாக்கை உரிச்சு விடுங்க.”

“உரிக்கதுக்கு இது என்ன வெங்காயமாட்டீ?” அம்மா கோழியை முழங்கால்களுக்கிடையில் இடுக்கித் துடைத்தாள். “வரல்ல. அம்மையாக்கும். பிச்சு எடுத்திராத. தனியா அடைச்சு, கஞ்சித்தண்ணி குடு.”

“மருந்து?”

“அம்மைக்கு மருந்தா? இன்ஸ்பெக்டரம்மாட்ட கேளு.”

மருந்தில்லை என்று நானும் சொன்னேன், அரசாங்கச் சம்பளத்துக்கு. கோழி பிழைத்தது.

அன்று மாலை அம்மா விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்தாள். “மக்களே, எனக்கும் வெள்ளையா ஒண்ணு கிடக்கு. துடைச்சுப் பாத்தேன், வரல்ல.”

நான் தடுப்பூசிப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். “சுண்ணாம்பு சுட்டிருக்கும். குறைம்மா.”

“நான் கோழியம்மையோன்னு நினைச்சேன்.”

இருவரும் சிரித்தோம்.

அவள் குறைக்கவில்லை, அறவே விட்டாள். சுண்ணாம்பை மட்டும். புகையிலையைப் பற்றி இன்ஸ்பெக்டர் ஒன்றும் சொல்லவில்லையே.

எட்டு மாதத்தில் கன்னம் வீங்கிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, இத்தனை நாள் யாரிடமும் காட்டவில்லையா என்று மலையாளத்தில் கேட்டார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “காட்டாம பின்னே? எனக்க மக பாத்தா. சுண்ணாம்புன்னு சொன்னா. அவ சர்க்கார் இன்ஸ்பெக்டராக்கும்!”

டாக்டர் என் பக்கம் திரும்பி, எந்தத் துறை என்றார்.

“மிருக சம்ரக்ஷணம்,” என்றேன். கேரளத்தில் எங்கள் துறைக்கு அதுதான் பெயர். மனிதர்களைச் சம்ரக்ஷிப்பது எங்கள் பொறுப்பில் வராது.

அன்று மாலை நான் தலை நிமிராமல் பட்டியல் எழுதிக்கொண்டிருந்ததை அம்மா கடைசிவரை டாக்டரிடம் சொல்லவில்லை.