அக்கா கொடுத்த கிட்னியும் தோட்டத்து வாயும்

எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்ததற்கு என் அக்காதான் காரணம் என்று ரெம்பாவ் பக்கத்தில் எங்கள் செம்பனைத் தோட்டத்தார் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்குக் கிட்னி கொடுத்தவள் அவள். அதோடு சீனியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாளாம். டாக்டர் என்ன சொன்னார் என்று ஒருவனும் கேட்கவில்லை.

உடம்பு அடுத்தவர் கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும். அந்த மாத்திரையே சிலருக்குச் சீனியை ஏற்றும். எனக்கு ஏற்றியது. பாதம் மரத்துப்போனது. பூட்ஸைத் துளைத்துச் செம்பனை முள் ஏறியதுகூடத் தெரியாமல் நாள் முழுக்கப் பாமாயில் பழ லோரி ஓட்டினேன். புண் அழுகி, கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இதில் விதி, பொறுமை என்று எவனும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் அக்கா ஊர்ப்பேச்சை நம்பிவிட்டாள். என் கால் கட்டைப் பார்த்து, "கெட்ட சாமானத் தூக்கி உனக்குக் குடுத்துட்டேன்டா தம்பி" என்று அழுதாள். அதோடு என் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு விரல் போனதைவிட அதுதான் எரிந்தது.

அடுத்த கிளினிக் நாளன்று அவளை இழுத்துக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா அவள் ரத்தத்தையும் பார்த்தார்.

"உங்களுக்குச் சீனியே இல்லம்மா. தம்பிக்கு மருந்தால வந்தது. நீங்க குடுத்த கிட்னி நல்லா வேலை செய்யுது."

"அப்ப அந்த மருந்த நிறுத்திரலாமே?" என்றாள் அக்கா.

"நிறுத்தினா கிட்னி போயிரும். ஒரு வேளைகூட விடக் கூடாது. சீனிக்கு ஊசி போட்டுக்கட்டும்."



அந்த வாரம் தோட்டத்துக் கோயில் திருவிழா. அன்னதானப் பந்தியில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோயில் தலைவர் பாயாச வாளியோடு வந்தார். என் இலையைத் தாண்டினார், சரி. அவள் இலையையும் தாண்டினார்.

"குடுத்தவளுக்கு இல்லாமலா தம்பிக்கு வந்துச்சு? உனக்கு வேணாம்லா."

நான் அடிக்கத்தான் எழுந்தேன். அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"தலைவரே, இங்க ஊத்துங்க. என் ரத்தம் சுத்தம், டாக்டரே பாத்துட்டாங்க. சீனி ஏறிருச்சுன்னு கிளினிக்ல ஏச்சு வாங்குனது நீங்களாமே? உங்க வீட்டுக்காரம்மாதான் சொன்னாங்க."

பந்தியே சிரித்தது. தலைவர் ஊற்றினார். அக்கா குடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டாள்.

மன்னிப்பு என்று ஒருவனும் வரவில்லை. வந்தாலும் எனக்கு வேண்டாம். கை கழுவும்போது அக்கா என் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"மாத்திரை போட்டியாடா? உள்ள இருக்கறது என்னோடது."